ஐரோப்பாவில் ஆலயங்கள் காலி. சிங்கப்பூரிலும் அதே கதியா?

மலர்க்குழு:
சபை ஆண்டு மலருக்கு "மதச்சார்பற்ற சமுதாயத்தில் திருச்சபை" என்று தலைப்புக் கொடுத்தோம். வந்த கட்டுரைகள் எல்லாமே "மேலைநாட்டில் ஆலயங்கள் மூடப்படுகின்றன, நமக்கும் அதுதான்" என்கின்றன. சிங்கப்பூருக்கு இது பொருந்துமா? இங்கே சபைகளை உண்மையில் மாற்றியது எது? புதிதாகக் கூடும் தமிழ் ஐக்கியங்களுக்கு (சிறு வழிபாட்டுக் குழுக்களுக்கு) உதவும் விவரம் இருந்தால் இன்னும் நல்லது.

சிராங்கூன்வாசி:
அப்படியே பொருந்தாது. இங்கிலாந்து, வேல்ஸில் கிறிஸ்தவர்கள் 2011ல் 59.3 விழுக்காடு, 2021ல் 46.2. இங்கே 2000ல் 14.6, 2010ல் 18.3, 2020ல் 18.9. ஏற்றம்தான், ஆனால் கடைசிப் பத்தாண்டில் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அதே பத்தாண்டில் சமயம் இல்லை என்போர் 17லிருந்து 20 விழுக்காடாகிவிட்டார்கள். முதல் பாதியை மட்டும் மலரில் போட்டுப் பெருமைப்பட வேண்டாம்.

ஜெர்மனியோடு ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. அங்கே உறுப்பினர்கள் கட்டும் சபை வரியை அரசே வசூலித்துக் கொடுக்கிறது: பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரித் தொகையில் 8 விழுக்காடு, மற்ற மாநிலங்களில் 9. விலகுபவர் அரசு அலுவலகத்தில் முறைப்படி தெரிவிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு விலகலும் கணக்கில் ஏறுகிறது. இங்கே யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் வேறு சபையில் பாடிக்கொண்டிருப்பார்.

கணக்குப்பிள்ளை:
இங்கே சபைகளை மாற்றியது நம்பிக்கைக் குறைவைவிட நிலமும் சட்டமும்தான்.

சட்டத்தின் வேர் 1987. அந்த ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் 22 பேர் கைதானார்கள், அவர்களில் கத்தோலிக்கத் திருச்சபைப் பணியாளர்களும் உண்டு. டிசம்பரில், ஆசியத் திருச்சபைகளின் கூட்டமைப்பான ஆசியக் கிறிஸ்தவ மாநாட்டு அமைப்பை, அரசியலில் தலையிட்டதாகச் சொல்லி நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். 1990ல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2019ல் செய்த திருத்தம் 2022 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. புதிய ஐக்கியங்கள் தடுக்கி விழுவது இந்தத் திருத்தத்தில்தான்: தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும், செயற்குழுவில் பெரும்பான்மை குடிமக்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களே கூடி நடத்தும் தமிழ் ஐக்கியத்தில் பொருளாளர் பெரும்பாலும் வேலை அனுமதியில் இருப்பார். விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதை நம்பிக் குழு அமைக்காதீர்கள். வெளிநாட்டவர் தரும் 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட காணிக்கையை அறிவிக்கவும் வேண்டும்.

எழுப்புதல் கூட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து பிரசங்கியாரை அழைத்தால் சுற்றுப்பயண விசா போதாது. மனிதவள அமைச்சின் மிசலேனியஸ் வொர்க் பாஸ் (குறுகியகால வேலை அனுமதி) கட்டாயம், அதிகபட்சம் 60 நாள். நோட்டீஸ் அடித்த பிறகு விண்ணப்பிப்பது நம்மவர் வழக்கம். பாஸ் வராவிட்டால் மண்டப வாடகை போனதுதான்.

நிலம்: வழிபாட்டுத் தலத்துக்கென ஒதுக்கிய மனைக்கு ஏலக்குத்தகை, காலம் 30 ஆண்டு. சின்ன சபையால் எட்ட முடியாது, அதனால்தான் ஆராதனை கடைத்தொகுதிக்குள் போனது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் 2010 விதிப்படி வணிகக் கட்டடத்தில் சமயப் பயன்பாடு 20 விழுக்காட்டுத் தளப்பரப்பு அல்லது 10,000 சதுர மீட்டர், எது குறைவோ அதுவரை. இந்த வரம்பு கட்டடம் முழுவதற்கும். ஏற்கெனவே இன்னொரு சபை உள்ளே இருந்தால் மீதி எவ்வளவு என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். பெயர்ப்பலகை கிடையாது, சிலுவையை மாட்டி வைக்க முடியாது, கூடம் மற்றவர்களுக்கும் வாடகைக்குக் கிடைக்க வேண்டும். ஆகவே பீடம், சிலுவை, ஒலிபெருக்கி எல்லாம் சக்கரம் வைத்தவையாக இருப்பது நல்லது.

தொண்டுப் பணியும் தனியாகப் பிரிந்துவிட்டது. சபைக் காணிக்கைக்கு வரிக்கழிவு இல்லை. அரசிடம் பொது நல அமைப்புத் தகுதி பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்தால், கொடுத்த தொகையில் 250 விழுக்காடு வரிக்கழிவு. மெதடிஸ்ட் வெல்ஃபேர் சர்வீசஸ் போன்ற தனி அமைப்புகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே சேவை எல்லாச் சமயத்தாருக்கும் பொது, பிரசாரம் கூடாது. சிலருக்கு இது மனக்குறைதான். எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது.

மலர்க்குழு:
நன்றி ஐயா. வாலிபர்கள் ஆங்கில ஆராதனைக்குப் போவது எதில் சேரும்?

பாமாலை:
அதை மதச்சார்பின்மைக் கணக்கில் எழுதாதீர்கள், அது மொழிக் கணக்கு. 2020ல் வீட்டில் அதிகம் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு, தமிழ் 2.5. தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888ல் எழுந்த ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்திலேயே இன்று ஆங்கிலத் திருப்பலியும் நடக்கிறது.

இருமொழி ஆராதனைக்கு மாறும் சபைகள் முதலில் செய்யும் தவறு, பிரசங்கத்தை வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பது. 25 நிமிடப் பிரசங்கம் 50 நிமிடமாகும், பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் கவனம் சிதறும். பிரசங்கம் தமிழில் ஓடட்டும். திரையில் ஆங்கிலச் சுருக்கம், பத்தியொன்றுக்கு இரண்டு வரி போதும். அதற்குப் போதகர் வெள்ளிக்கிழமைக்குள் குறிப்பைக் கொடுத்தாக வேண்டும். கீர்த்தனைக்குத் தமிழ் வரியின் கீழ் ரோமன் எழுத்தில் உச்சரிப்புப் போடுங்கள், ழகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறு வேறு குறி வைத்து. நான்கு வரிக்கு மேல் ஒரு திரையில் போட்டால் பின்வரிசைக்குத் தெரியாது.