இருமலுக்குக் காரணம் கண்ணெதிரே பறக்கும்போது

நீடாமங்கலத்தை அடுத்த ஓர் ஊரில் அங்கன்வாடிப் பணியோடு, காசநோயாளிகள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் சில ஆண்டுகளாக ஏற்று வருகிறேன். நோயாளிகளுக்கு ஒன்றுமே தெரியாது என்று கூட்டங்களில் பேசப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரியும். ஆனால் தை, மாசியில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவருக்கு இருமல் வந்தால், காரணம் கண்ணெதிரே தூசியாகப் பறந்துகொண்டிருக்கையில், அவர் காசநோயை ஏன் நினைக்கப் போகிறார்? முதலில் மருந்துக் கடை டானிக், பிறகு ஊசி போடும் மருத்துவர், சளியில் இரத்தம் கண்ட பிறகே அரசு மருத்துவமனை என்ற வரிசையில்தான் பெரும்பாலோர் வந்து சேர்கிறார்கள்.

அப்படி வந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர், காலைச் சளிக்காகக் கொடுத்த டப்பாவில் வெறும் எச்சிலைக் கொண்டுவந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சிகிச்சை தொடங்கிய சில நாட்களில் அவர் மனைவி ஓடிவந்து, "டீச்சர், அவருக்கு ஒண்ணுக்கு ரத்தமா போவுது, மாத்திரைய நிறுத்திட்டோம்" என்றார். ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அதனால் கெடுதல் இல்லை என்ற ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பயம் நேர்ந்திருக்காது. கிருமியின் பெயரைவிட இத்தகைய செய்திகளே நோயாளிக்கு முதலில் தேவை என்பது என் கருத்து.

அந்தத் தொழிலாளியின் தாயார் மகனுடைய தட்டையும் டம்ளரையும் தனியே மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்தார். ஆனால் சன்னல் சாத்திய ஒரே அறையில்தான் மகன் தன் பிள்ளைகளோடு படுத்திருந்தார். காற்றில் பரவும் நோய்க்குப் பாத்திரத்தைப் பிரித்துப் பயன் என்ன? காசநோயாளிகளைத் தங்கவைக்கும் செங்கிப்பட்டி சானடோரியத்துக்கு மகனை அனுப்பிவிடுவார்கள் என்பது அந்த அம்மாவின் பழைய அச்சம். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகும், அதனால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடிவிடாது என்பதை 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வே காட்டிவிட்டது என்றேன். அவர் பாதிதான் நம்பினார். வீட்டிலிருந்த சிறு குழந்தைக்கு நோய்த் தடுப்பு மாத்திரை தொடங்கிய பிறகே அவருக்குச் சற்றுத் தெளிவு வந்தது.

நான்கு மருந்துகளோடு செல்லும் முதல் 2 மாதங்களில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறியதும், மீதி 4 மாத மாத்திரைகளை மறந்து அந்தத் தொழிலாளி திருப்பூருக்கு வேலை தேடிக் கிளம்பினார். வேலைக்குப் போகாதே என்று தடுக்க நான் யார்? பதிவை அங்குள்ள அரசு சுகாதார நிலையத்துக்கு மாற்றிக்கொண்டால் மருந்து தொடர்ந்து இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்லி, மாற்றிக் கொடுத்தோம். காசநோயாளிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துக்கான மாதத் தொகை 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்ததும் அவருக்கு உதவியது.

திருபுவனத்திலிருந்து ஒரு நெசவாளர் எழுதிய பதில்:

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு இருமலே கிடையாது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று பற்றுப் போட்டு மாதங்களைக் கடத்தினேன். கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவர் கட்டியில் ஊசியால் உறிஞ்சிச் சோதித்து, காசநோய் என்றபோது நான் நம்பவில்லை. நுரையீரலைத் தவிர வேறு இடத்தில் இது வரும் என்று எனக்குத் தெரியாது. கழுத்துக் கட்டி மட்டும் இருப்பவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது என்று அவர் விளக்கினார். சிகிச்சையின் நடுவே கட்டி சற்றுப் பெருக்கலாம் என்றும் முன்கூட்டியே எச்சரித்ததால், அது பெருத்தபோது மாத்திரையை நிறுத்தாமல் அவரிடமே போய்க் காட்டினேன்.

தனியார் மருத்துவரும் நோயாளியின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2012 முதல் இருப்பதால், சுகாதாரப் பணியாளர் தொலைபேசியில் அழைத்தார். வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம் என்று கெஞ்சினேன். அப்போது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அரசு மாத்திரையை எங்கள் ஊரில் வாங்காமல் தஞ்சாவூர் வரை பேருந்தில் போய் வாங்கிவந்தேன். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகே உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றிக்கொண்டேன்.