அவசரம்: மயில் உடை தைக்கும்போது தையல் விட்டு விட்டு விழுகிறது

புளியரைக்காரி:
சனிக்கிழமை மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா. மயில் வேடம். துணி வெட்டியாயிற்று. மெஷினில் வைத்தால் நாலு தையல் விழுகிறது, அடுத்த இரண்டு விழவில்லை. ஊசி புதிது, எண்ணெயும் விட்டுவிட்டேன். வேட உடை தைக்க வீட்டில் வேறு என்ன சாமான் வேண்டும் என்றும் சொல்லுங்கள், நாளை தென்காசி போகிறேன். உடனே பதில் வேண்டும்.

மிதிமெஷின்:
என்ன மெஷின்? என்ன துணி? ஊசி என்ன நம்பர்? இதையெல்லாம் சொல்லாவிட்டால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

பாபின் ராணி:
அடி நூல் சுற்றிய பாபின் இருக்கும் கூடு, அந்தப் பாபின் கேஸ்தான், சந்தேகமே வேண்டாம். கழற்றிப் பாருங்கள், அது உட்காரும் ஷட்டிலுக்குள் பஞ்சும் நூல் பிசிறும் திரியாகத் திரண்டிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடையுங்கள்.

கொல்லம் ரோடு:
நூலை மாற்றுங்கள் அக்கா. மலிவு ரீலில் நூல் ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு.

ஊசிமுனை:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறைதான் எழுதுவது? பழையதைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தையல் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டு மெஷின் முன் உட்கார வேண்டும். ஊசி அடிவரை இறங்கி, இம்மி அளவு மேலே ஏறும்போது, ஊசிக் கண்ணுக்கு அருகே நூல் சின்ன வளையமாகப் பிதுங்கும். ஷட்டில் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்தால் தையல், தவறவிட்டால் ஓட்டை. மேல் நூலும் அடி நூலும் பின்னிக்கொள்ளும் பூட்டுத் தையலுக்கு எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1846இல். அடிப்படை இன்றும் அதுதான். உங்கள் துணியில் வளையம் ஏன் பிதுங்கவில்லை? யோசியுங்கள்.

புளியரைக்காரி:
கறுப்பு மிதிமெஷின், மாமியாருடையது. துணி பளபள நீலம், இழுத்தால் நீளும். ஊசி 16, கடையில் கொடுத்தது.

மிதிமெஷின்:
இழுத்தால் நீளும் என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். அது லைக்ரா. கூர்முனை ஊசி குத்தும்போது துணியும் கூடவே இறங்கி, கூடவே ஏறுகிறது. வளையம் விழ இடமே இல்லை. ஊசிமுனை அண்ணாச்சி போட்ட விடுகதைக்கு விடை இவ்வளவுதான். பால்பாயிண்ட் ஊசி கேளுங்கள், 11 நம்பர். உறையில் 75/11 என்று இருக்கும். முனை சற்று உருண்டை என்பதால் இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகும். மெஷினில் மாட்டும் காம்பின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், முழு உருண்டைக் காம்பு தொழிற்சாலைப் பவர் மெஷினுக்கானது. உங்கள் கறுப்பு மெஷினில் தட்டைப் பக்கம் வலது கை ஓரம் வர வேண்டும், நூலை இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். பாலியஸ்டர் நூல் போடுங்கள். தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் குழந்தை குனிந்ததும் நேர்த்தையல் படபடவென்று அறுந்துவிடும்.

தாவணி டெய்லர்:
சாமான் என்றால் முதலில் தையல் பிரிக்கும் கருவி வாங்குங்கள். இரண்டு முனையில் ஒன்றில் சிவப்புக் குண்டு இருக்கும். அந்தக் குண்டை அடியில் வைத்துத் தையல் வழியே தள்ளினால் நூல் மட்டும் அறும், துணி தப்பிக்கும். பிளேடால் பிரித்து என் மருமகளின் பட்டுப் பாவாடையைக் கீறிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. லைக்ராவுக்குக் குண்டூசி வேண்டாம், கிளிப் போதும். துணியில் கோடு போடும் சாக்பீஸும் இஞ்ச் டேப்பும் இருக்கும்தானே? துணிக் கத்தரியைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வையுங்கள், அட்டை வெட்டினால் முனை மழுங்கிவிடும். தோகையை எப்படி நிறுத்தப்போகிறீர்கள்?

கொல்லம் ரோடு:
தோகைக்குக் கம்பி வேண்டாம். எங்கள் கேரளப் பக்கம் அர்ஜுன நிருத்தம் என்ற ஆட்டத்தில் மயிற்பீலியையே இடுப்பைச் சுற்றிக் கட்டி ஆடுவார்கள். கதகளிப் பாவாடையும் துணி மேல் துணி கட்டி உப்ப வைத்ததுதான். அப்படிச் செய்யுங்கள்.

ஊசிமுனை:
இங்கே கேட்டது மயில் வேடம். நம் மயிலாட்டத்தில் முதுகுப்பக்கம் தோகைக் கூடு இருக்கும். கேரளத்து அளவைத் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஏன் வைக்கிறீர்கள்?

கொல்லம் ரோடு:
புளியரை இருக்கும் செங்கோட்டைத் தாலுகாவில் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 வரை கேரளத்துக்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது அண்ணாச்சி. எந்த அளவு யாருடையது?

ஊசிமுனை:
சரித்திரத்தை வைத்துத் தோகை தைக்க முடியாது.

தாவணி டெய்லர்:
ஏழு வயதுப் பிள்ளையோ, ஒன்பதோ, அதைக்கூட அவர் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எல்லைக் கல் நட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பாபின் ராணி:
பாபின் கேஸைத் துடைத்தாரா என்று யாராவது கேட்டீர்களா?

புளியரைக்காரி:
இரண்டு கடையில் இல்லை, மூன்றாவதில் ஊசி கிடைத்தது. தையல் வரிசையாக விழுகிறது. எட்டு வயது. தோகைக்கு நேரமில்லை, பழைய பச்சைச் சேலையை மடிப்பு வைத்து இடுப்பில் கட்டிவிட்டேன். நன்றி.

பாபின் ராணி:
துடைத்தீர்களா?