போர்வெல் தண்ணீரில் தீப்பிடிக்கிறது: சேற்று வாயுவா, கிணற்று வாயுவா?

ஓடம்போக்கி: திருவாரூருக்குக் கிழக்கே எங்கள் கொல்லையில் 200 அடி போர். மோட்டார் போட்டால் தண்ணீர் சோடா மாதிரி நுரைத்து வருகிறது. தொட்டியில் தீக்குச்சி காட்டினேன், நீலமாக எரிந்தது. கூப்பிடு தூரத்தில் எரிவாயுக் கிணறு இருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

குறுவைக்காரன்: அவசரப்படாதீர்கள் அண்ணே. நடவு வயலில் கால் வைத்தாலே குமிழி வரும், அதுவும் மீத்தேன்தான். மன்னார்குடிப் பக்கம் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரியே கிடக்கிறது. எரிந்ததை வைத்துக் கிணற்றைக் குற்றம் சொல்ல முடியாது.

ஓடம்போக்கி: எப்போது கேட்டாலும் இந்தச் சேற்று வாயுக் கதைதான். அப்பா காலத்தில் அதே கொல்லையில் ஏன் நுரைக்கவில்லை?

பழம்பாறை: முதலில் தீக்குச்சி விளையாட்டை நிறுத்துங்கள். அப்புறம் கார்பனைப் பாருங்கள். சேற்று நுண்ணுயிர் உண்டாக்கும் மீத்தேனில் கனமான கார்பன் 13 மிகக் குறைவு. பன்னாட்டு அளவுகோலில் பெரும்பாலும் மைனஸ் 60 பெர்மில்லுக்கும் கீழே போகும், அதாவது ஒப்பிடும் மாதிரியை விட ஆயிரத்துக்கு 60 பங்குக்கும் மேல் குறைவு. ஆழத்தில் பாறைச் சூட்டில் வெந்து வந்த வாயு ஏறக்குறைய மைனஸ் 50-க்கும் 20-க்கும் நடுவில் நிற்கும். அதோடு ஈத்தேன், புரொப்பேனும் சேர்ந்து வரும். சேற்று வாயுவில் அவை இருந்தாலும் பெயருக்குத்தான். வாடையை நம்பாதீர்கள், சிலிண்டர் வாயுவின் நாற்றமே கசிவு தெரிவதற்காகச் சேர்ப்பது.

ஓடம்போக்கி: சரி, மைனஸ் 40 வந்தால் ஒத்துக்கொள்வீர்களா?

குறுவைக்காரன்: எப்படி ஒத்துக்கொள்வது? மேலே வரும் வழியில் வேறு நுண்ணுயிர்கள் மீத்தேனைத் தின்னும். இலேசானதை முதலில் தின்றுவிடுவதால் மிச்சம் கனமாகிவிடும். சேற்று வாயுவே ஆழ வாயு வேஷம் போடும்.

பழம்பாறை: அதனால்தான் ஈத்தேன், ஹைட்ரஜன் ஐசோடோப்பு (கனமான, இலேசான ஹைட்ரஜனின் விகிதம்), காலப்போக்கில் சிதைந்துபோகும் கார்பன் 14 எல்லாம் சேர்த்துப் பார்க்கிறோம். நேற்றைய வைக்கோல் மட்கி வந்த வாயுவில் கார்பன் 14 இருக்கும். பழுப்பு நிலக்கரியிலும் எண்ணெய்ப் பாறையிலும் அது என்றோ அழிந்துவிட்டது. இன்னொன்று, ஓடம்போக்கி தம்பிக்குப் பிடிக்காது: ஆழ வாயுதான் என்றே வந்தாலும், பாறை விரிசல் வழியாகத் தானாக ஏறியிருக்கலாம். கிணற்று வாயுவையும் பிடித்து இதோடு ஒப்பிட வேண்டும்.

குறுவைக்காரன்: 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய தனிச்சட்டம் வந்தபோதும், முன்பே நடந்துகொண்டிருந்த எண்ணெய், எரிவாயு வேலைகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்போதே ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் போர்த் தண்ணீரைச் சோதித்து எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு இந்தச் சண்டையே வராது.

ஓடம்போக்கி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மாதிரியை எப்படிப் பிடிப்பது ஐயா?

பழம்பாறை: மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பாட்டிலைத் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்குள் கவிழ்த்து, குமிழியை உள்ளே ஏறவிடுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும்போது தண்ணீருக்குள்ளேயே மூடி, தலைகீழாகவே எடுத்து வாருங்கள். ரப்பர் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில்தான் வேண்டும், கோலி சோடா பாட்டில் ஆகாது. பாட்டிலுக்குள் நுண்ணுயிர் வாயுவை மாற்றிவிடாமல் இருக்க, அதைக் கொல்லும் மருந்தை ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஓடம்போக்கி: என் போரில் பிடித்துவிடுவேன். வேலி போட்ட கிணற்றில் யார் பிடிக்க விடுவார்கள்?

குறுவைக்காரன்: மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். சேற்று வாயு என்றுதான் இப்போதும் சொல்வேன்.