பழைய புரோக்ரெஸிவ் பிரஸ்: வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

துருவேறியவன்:
புரோக்ரெஸிவ் பிரஸ் என்றால், சுட்ட வெற்று உறைகளில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் போட்டுத் தோட்டாவாக்கும் எந்திரம்; நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் பல உறைகளில் பல வேலைகள் ஒன்றாக நடக்கும். அதில் என்னிடம் இரண்டு கிழங்கள் இருக்கின்றன. ஒன்று, உறைகள் நிற்கும் தட்டைக் கையால் சுற்றும் டில்லன் 550-இன் ஆரம்பகாலப் பிரஸ். இன்னொன்று ஸ்டார் என்ற கம்பெனியுடையது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களை இவற்றில்தான் போடுகிறேன். இரண்டையும் விற்றுவிட்டு, தானாகச் சுற்றும் புது பிரஸ் வாங்கு என்று கிளப்பில் எல்லோரும் நச்சரிக்கிறார்கள். எனக்கு மனமில்லை. வார்ப்பிரும்புக்கு எண்ணெய் போட்டால் நம்மைவிட நீண்ட நாள் இருக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அளவுகோல்:
நானும் நச்சரிக்கத்தான் வந்தேன், அண்ணே. இரும்பைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. தட்டைச் சுற்ற மறந்துவிட்டு நெம்புகோலை இன்னொருமுறை இழுத்தால் அதே உறையில் மறுபடியும் மருந்து விழும். ரிவால்வர் தோட்டாவான .38 ஸ்பெஷல் 1898-இல், இடத்தை அடைக்கும் பழைய வெடிமருந்தான கரும்பொடிக்காகப் பிறந்த உறை. உள்ளே அவ்வளவு இடம். இன்றைய வேக மருந்தின் சிறு அளவு அடியில் எங்கோ கிடக்கும், இரட்டை அளவு போனாலும் வழியாது. கண்ணை மட்டும் நம்பிய எத்தனையோ பேர் ரிவால்வரின் சிலிண்டரைப் பிளந்திருக்கிறார்கள்.

பித்தளைப்பொறுக்கி:
தானாகச் சுற்றினால் மட்டும் தப்பித்துவிடுவோமா? உறை சிக்கினால் என்ன செய்வோம்? நெம்புகோலைப் பாதியில் நிறுத்தி, பின்னால் தள்ளி, திரும்ப இழுப்போம். அந்த ஆட்டத்தில் எந்த உறை மருந்து வாங்கியது, எது வாங்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? கையால் சுற்றும் பிரஸ்ஸில் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். ஒவ்வொன்றாக உருவிப் பார்க்கலாம். வேகத்தை வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். 550-இல் மணிக்கு 400 முதல் 600 என்பது கம்பெனிக் கணக்கு. என் கணக்கு அதில் பாதி, நடுவில் டீயும் குடிப்பேன்.

அளவுகோல்:
சிக்கினால் தட்டிலுள்ள எல்லா உறைகளையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்தப் பிரஸ்ஸானாலும் அதுதான் முறை, அதில் சண்டை வேண்டாம். நான் சொல்ல வந்தது ஐந்தாவது நிலையைப் பற்றி. நிலை என்றால் தட்டில் உறை நின்று ஒரு வேலை முடியும் இடம்; அந்த வேலையைச் செய்ய மேலே திருகி மாட்டும் கருவிதான் டை. ஐந்து நிலை இருந்தால் மருந்தின் உயரத்தைப் பார்க்கும் டையை மாட்ட ஓர் இடம் மிஞ்சும். கூடினாலும் குறைந்தாலும் பிரஸ்ஸையே நிறுத்தும் லாக்-அவுட் டை ஆர்சிபிஎஸ் கம்பெனியில் உண்டு. உங்கள் 550-இன் நாலு நிலையில் அதை எங்கே மாட்டுவீர்கள்?

துருவேறியவன்:
மூன்றாவது நிலையில். அப்புறம் குண்டை உட்கார வைப்பதையும் உறையின் வாயை இறுக்குவதையும் நாலாவது நிலையில் ஒரே டை பார்த்துக்கொள்ளும்.

அளவுகோல்:
செம்புப் போர்வை போட்ட குண்டுக்குச் சரி. வார்த்த ஈயக்குண்டை இறுக்கிக்கொண்டே இறக்கினால் வாயோரம் சுருள்சுருளாகச் சீவி எடுக்குமே!

துருவேறியவன்:
எடுக்கும்தான். ஈயத்துக்கு மட்டும் அந்த லாக்-அவுட் டையைக் கழற்றி, உட்கார வைப்பதையும் இறுக்குவதையும் தனித்தனி நிலைக்குப் பிரித்துவிட்டு, விளக்கை நேராக மேலே வைத்து ஒவ்வொரு உறையையும் குனிந்து பார்க்கிறேன். கழுத்துதான் வலிக்கிறது.

பித்தளைப்பொறுக்கி:
கழுத்து வலித்தால் பரவாயில்லை, விரல் தப்பியதே.

அளவுகோல்:
நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னிடமும் ஒரு பழைய பிரஸ் இருந்தது, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். துளையில் அளவு மருந்தை ஏந்தி உறைக்குக் கொண்டுபோகும் மருந்துப் பட்டையை ஒரு ஸ்பிரிங்தான் பின்னால் இழுக்கும். அது தளர்ந்ததை நான் கவனிக்கவில்லை. பட்டை முழுசாகத் திரும்பாததால் அடுத்த உறைக்கு மருந்தே போகவில்லை. சுடும்போது 'டப்' என்று செத்த சத்தம். நல்லவேளை, நிறுத்தினேன். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மட்டும் வெடித்துத் தள்ளியதில் குண்டு குழலின் நடுவில் உட்கார்ந்திருந்தது. பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்தேன். பின்னாலேயே இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் போயிருக்கும்.

அண்ணே, உங்கள் 550 ஆரம்பகாலத்தது என்றால் அதிலும் ஸ்பிரிங்தானா? பிற்பாடு வந்தவற்றில் ஃபெயில்சேஃப் கம்பி இருக்கும், அது பட்டையைக் கட்டாயமாகத் திருப்பி இழுத்துவிடும்.

துருவேறியவன்:
இப்போதுதான் எழுந்து போய்ப் பார்த்தேன். ஸ்பிரிங்தான், இரண்டு. ஒன்று கொஞ்சம் நீண்டு தொங்குகிறது. கம்பிக்கு இன்றே சொல்லிவிடுகிறேன். 550-க்கு யார் கையிலிருந்து வாங்கியதானாலும் ஆயுள்கால உத்தரவாதம் உண்டு. அந்த வகையில் கிழம் அநாதை இல்லை.

பித்தளைப்பொறுக்கி:
பிரைமர் குழாயைச் சுற்றி இரும்புக் கவசம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பிரஸ் கைமாறும்போது அதைத் தொலைத்துவிடுவார்கள். நூறு பிரைமர் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் குழாய், உள்ளே பிரைமர் மருந்தின் தூசி படிந்திருக்கும். ஒன்று வெடித்தால் மற்றவையும் கூடவே போகும். குழாயைக் காலி செய்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

துருவேறியவன்:
550-இல் கவசம் இருக்கிறது. ஸ்டாரைத்தான் பார்க்க வேண்டும்.

அளவுகோல்:
ஸ்டாரையாவது விட்டுவிடலாமே? அதைச் செய்தவர்கள் இப்போது இல்லை. டை அதற்கே உரியது, மற்ற பிரஸ்களில் ஏறும் 7/8-14 அளவு மரையுள்ள பொது டை எதுவும் ஏறாது. மருந்து அளவை மாற்ற வேண்டுமென்றால் துளை வேறாக உள்ள இன்னொரு பட்டையைத் தேட வேண்டும்.

துருவேறியவன்:
நான் அளவை மாற்றுவதே இல்லையே, தம்பி. ஒரே குண்டு, ஒரே மருந்து, ஒரே பட்டை. திருகிக் கெடுக்க அதில் ஒரு திருகு கூடக் கிடையாது. அதனால்தான் வைத்திருக்கிறேன்.

அளவுகோல்:
சரி, அந்த ஒரு காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 550-இல் அந்த ஸ்பிரிங்கை மாற்றும்வரை ஒரு தோட்டா கூடப் போடாதீர்கள்.

துருவேறியவன்:
நெம்புகோலைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன்.