லிப்ரே ஆபீஸ்ல ஸ்டைல் மாத்துனா தமிழ் மட்டும் பெருசாக மாட்டேங்குது, யாருகிட்ட சொல்றது?

டிடிபி_தர்மபுரி:
வணக்கங்க. கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். 2025 அக்டோபரோட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் இல்லன்னாங்க, கடையில ரெண்டும் பழைய மிஷின், விண்டோஸுக்குப் பதிலா ஓசியா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டுட்டேன். டைப்ரைட்டர் கீபோர்டு இருக்காதோன்னு பயந்தேன், தமிழ் அடிக்கறதுக்கான எம்17என்-ல அதுவும் இருந்துச்சு, கடைப்பொண்ணு பாக்காமயே அடிக்குது. சிக்கல் லிப்ரே ஆபீஸ்ங்கிற ஓசி ஆபீஸ் சாஃப்ட்வேர்ல, லெட்டர் அடிக்கிற ரைட்டர்ல. திங்கக்கிழமை மனு நாள், எட்டு மணிக்கே கூட்டம், அதுக்குன்னு ஒரு மாடல் மனு வச்சிருக்கேன். எழுத்து பொடிசா இருக்குன்னு பெரியவங்க சொன்னாங்கன்னு எழுத்து அமைப்பை மொத்தமா மாத்துற ஸ்டைல்ல 12-ஐ 14 ஆக்குனா இங்கிலீஷ்ல அடிச்ச பேரும் மெயில் ஐடியும் மட்டும் பெருசாச்சு, தமிழ் அசையல. செலக்ட் பண்ணி டூல்பார்ல மாத்துனா மாறுது, ஒவ்வொரு மனுவுக்கும் அதையேவா பண்றது? கஸ்டமர் கேர் இருக்கா, இல்ல தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு விட்டுடணுமா? கடைக்கு யூஸ் பண்றதுக்கு லைசன்ஸ் கேட்டு யாராச்சும் வருவாங்களா?

ஓசூர்_நைட்ஷிப்ட்:
பக் இல்லண்ணா, அதாவது சாஃப்ட்வேர் கோளாறு இல்ல, அதோட வேலையே அப்படித்தான். ரைட்டர் ஒரே ஸ்டைலுக்குள்ள மூணு சைஸ் வச்சிருக்கு, இங்கிலீஷ் மாதிரி எழுத்துக்கு ஒண்ணு, சைனா ஜப்பானுக்கு ஒண்ணு, தமிழ், இந்தி, அரபிக்கெல்லாம் காம்ப்ளெக்ஸ்னு ஒண்ணு. நீங்க மாத்துனது முதல்ல உள்ளது. எஃப்11 அமுக்கி, ஸ்டைல் மேல ரைட் கிளிக் பண்ணி எடிட், அதுல ஃபான்ட் பக்கத்துல காம்ப்ளெக்ஸ் இருக்கும், அங்க 14 போடுங்க. அது கண்ணுலயே படலன்னா டூல்ஸ், ஆப்ஷன்ஸ்ல லாங்குவேஜ் பக்கம் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுக்கு டிக். அப்புறம் டெம்ப்ளேட்டா சேவ் பண்ணி டீஃபால்ட் ஆக்கிடுங்க. லைசன்ஸ் எம்பிஎல் 2.0-ன்னு ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ், கடையில தாராளமா வச்சுக்கலாம், யாரும் வரமாட்டாங்க.

அரூரான்:
கஸ்டமர் கேரா 😂 நான் லிப்ரே ஆபீஸ் பக் சைட்ல ஒரு புகார் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, "நியூ"ன்னே கிடக்கு. ரெண்டு வருஷத்துல அது எப்படி நியூ? ஓசின்னா அவ்ளோதான்.

மாங்கூழ்_கணக்கு:
அரூர் தம்பி, நியூன்னா புதுசுன்னு அர்த்தமில்ல. நீ போட்டப்போ "அன்கன்ஃபர்ம்டு"ன்னு இருந்திருக்கும், வேற ஒருத்தர் அவர் மிஷின்ல செஞ்சு பாத்து, ஆமா வருதுன்னு சொன்னாத்தான் நியூ ஆகும். அதாவது யாரோ ஒரு ஆள் உனக்காக உக்காந்து பாத்திருக்கார்.

நான் கிருஷ்ணகிரில ஒரு மாங்கூழ் பேக்டரில கணக்கு. சீசன்ல லோடு எடை, ரேட்டு எல்லாம் லிப்ரே ஆபீஸோட கணக்கு ஷீட்டு கால்க்லதான். ஒரு ஷீட்டு திறந்ததும் மூடிக்கிச்சு. கோவத்துல "ஃபைல் ஓப்பன் ஆகல"ன்னு ஒரே வரி எழுதிப் போட்டேன், மறுநாளே "நீட் இன்ஃபோ"ன்னு திருப்பி விட்டுட்டாங்க. எந்த வெர்ஷன், என்ன செஞ்சப்போ வந்துச்சு, ஃபைல் குடுன்னு கேட்டாங்க. வெர்ஷன் ஹெல்ப்ல அபவுட்ல இருக்கு, காப்பி பண்ணிக்கலாம். ஃபைல்தான் யோசனையாச்சு, அங்க ஏத்துனா உலகமே பாக்கும், விவசாயி பேரும் ரேட்டும் இருக்கு. பேரையெல்லாம் அழிச்சு, ஒவ்வொரு ஷீட்டா வெட்டிக்கிட்டே வந்தேன், கடைசில ஒரே ஷீட்டு, நாலு வரி, அதுலயும் மூடிக்கிச்சு. அதைப் போட்டதுக்கப்புறந்தான் நகர்ந்துச்சு, ரெண்டு வெர்ஷன் தள்ளி சரியாச்சு.

ஆளே இல்லாத கடையும் இல்ல இது. ஆரக்கிள் கம்பெனி சன் கம்பெனியை வாங்குன 2010-லயே, சன்னோட ஓப்பன் ஆபீஸ் பண்ணிட்டிருந்தவங்கள்ல நிறைய பேரு பிரிஞ்சு வந்து ஆரம்பிச்சதுதான் லிப்ரே ஆபீஸ். பெர்லின்ல டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்னு வச்சிருக்காங்க, கொலாபோரா மாதிரி கம்பெனி சம்பளம் குடுத்தும் ஆள் வேலை பாக்குது. ஆனா உன் பக்கை இன்னிக்கே எடுத்தாகணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல, அது உண்மைதான்.

அரூரான்:
நான் ஃபைலே குடுக்கல. சரி, இன்னிக்கு ஏத்தறேன்.

டிடிபி_தர்மபுரி:
ஓசூர் தம்பி, மாறிடுச்சு! காம்ப்ளெக்ஸ் அங்கயே இருந்துச்சு, நான்தான் பாக்கல. ஆனா 14 போட்டதும் ஒரு பக்க மனு ரெண்டாவது பக்கத்துக்கு ஓடிடுச்சு, அந்தப் பக்கத்துல "இப்படிக்கு"ன்னு ஒரு வரி மட்டும் உக்காந்திருக்கு. அதுக்கும் சேத்து பிரிண்ட் காசு கேட்டா சண்டைக்கு வராங்க. 13 போட்டுப் பாக்கறேன்.