பெட்டிக்குள் வந்த உழவு மெசின்

உருத்திரபுரத்திலிருந்து:

சின்ன வயதில் மாதிரிப் பெட்டி (துண்டுகளாக வரும் விமானம், வண்டி போன்றவற்றின் சிறிய உருவத்தை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பெட்டி) வாங்கிக் கட்டியவர்கள், மறுபடி தொடங்கியபோது என்ன நடந்தது, யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

2002இல் வன்னி ஊடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு லண்டனிலிருந்து வந்த மாமா ஏர்ஃபிக்ஸ் கம்பனியின் மாதிரிப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். 1:72 அளவில், அதாவது உண்மையானதில் 72இல் ஒரு பங்கு, ஸ்பிட்ஃபயர் போர் விமானம். அதற்கு முன் நாங்கள் அறிந்த மாதிரிகள் மீன் டின்னில் செய்த லொறியும் பனங்காய் வண்டிலும்தான். சில்லு வேண்டுமென்றால் தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டுவோம், அச்சுக்குச் சைக்கிள் கம்பி. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரிகூட வராத ஊருக்கு விளையாட்டுச் சாமான் எங்கிருந்து வரும்? அதனால் வெட்டுவதும் பொருத்திப் பார்ப்பதும் எங்களுக்கு ஏற்கனவே கைவந்த வேலை. அந்தப் பெட்டியில் எனக்குப் புதிதாக இருந்தது அதன் துல்லியம். இறக்கை இரண்டும் சேர்ந்து ஒரு சாணுக்குள் அடங்கிவிடும், ஆனால் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் கோடுகள்கூட அதில் தெரிந்தன. விளக்கு வெளிச்சத்தில் பல இரவுகள் இருந்து கட்டினேன். பிறகு இடம்பெயர்ந்தபோது அது வீட்டோடு நின்றுவிட்டது. அப்போது கையில் எடுக்க வேண்டியவை வேறு.

மறுபடி தொடங்கியது வேலை, கலியாணம் எல்லாம் ஆன பிறகு. கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு கடையில் ஜெட் விமானப் பெட்டி ஒன்றைக் கண்டு வாங்கிவந்தேன். கட்டி முடித்து, முன் அறையில் வானொலிப் பெட்டிக்கு மேலே வைத்தேன். அம்மா தேத்தண்ணியோடு வந்தவர் அதைப் பார்த்தார். என்ன விமானம், எந்த நாட்டுடையது என்றெல்லாம் கேட்கவில்லை. "உதை உள்ளுக்கு எங்கையாவது வை தம்பி" என்று மட்டும் சொன்னார். குண்டு போட வரும் கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) பிள்ளைகளை இழுத்துப் போட்ட கைகள் அவருடையவை. ஆளில்லா விமானம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் "வண்டு நிக்குது" என்று அடுப்பை அணைத்தவர். அந்த வீட்டில் அது இருக்கக்கூடாது என்று எனக்கு உடனே விளங்கியது.

மாதிரி உலகத்தில் பெரும்பகுதி போர் இயந்திரங்கள்தான். கடை அடுக்கைப் பாருங்கள்: 1:35 என்றால் டாங்கி, 1:72, 1:48 என்றால் பெரும்பாலும் போர் விமானம். அவற்றைக் கட்டுகிறவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்களின் கைத்திறனை மனதார மதிக்கிறேன். ஆனால் வன்னியில் ஒரு வீட்டுக்குள் எதைக் கட்டி வைக்கிறோம் என்பது அந்த வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் உரிய விஷயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அப்புறம்தான் ஹெலர் என்ற பிரெஞ்சுக் கம்பனியின் பெட்டி ஒன்று இருப்பது தெரிந்தது. 1:24 அளவில் சின்னச் சாம்பல் நிற பெர்கூசன் உழவு மெசின் (ட்ராக்டர்), டி.இ.20. கட்டினால் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் நீளம் வரும். பாரிஸிலிருந்து வந்த மச்சான் ஒருவர் பயணப் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து தந்தார். பசை கொண்டுவர முடியாது, தீப்பிடிக்கும் பொருளை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

அந்த மெசினைத் திண்ணையில் வைத்துப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பொழுதுபோக்கு எனக்குத் தந்த மிகப் பெரிய சந்திப்பு நடந்தது. எங்கள் பக்கத்தில் முன்பு உழவு மெசின் திருத்திய ஐயா ஒருவர், வயது எழுபதுக்கு மேல், படலையடியில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். "உது பெர்கூசன் எல்லே?" என்றார். உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவர் பொழுது சாயும்வரை எழும்பவில்லை.

தான் சிறுவனாக இருந்தபோது குடியேற்றத் திட்டக் காணிகளில் ஓடிய சாம்பல் மெசினைப் பற்றியும், பிறகு தன் கையால் எத்தனையோ முறை கழற்றிப் பூட்டிய சிவப்பு மாசி பெர்கூசன் 35ஐப் பற்றியும் சொன்னார். டி.இ.20 இங்கிலாந்தின் கொவென்ரியில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது என்று நான் வாசித்ததைச் சொன்னேன். அதில் ஒரு வகை பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறி ஓடும் என்றபோது ஐயாவின் முகம் மலர்ந்தது. "அதைத்தான் தம்பி நாங்கள் தடை நேரம் மோட்டார் சைக்கிளுக்குச் செய்தனாங்கள். ரெண்டு துளி பெற்றோல் காபரேற்றருக்குள்ள விட்டு உதைக்கிறது, பிடிச்ச உடன மண்ணெண்ணெய்." புகை எப்படி மணக்கும், பிளக்கை எத்தனை தரம் கழற்றித் துடைக்க வேண்டும், அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை எப்படி ஒளித்து வைத்திருந்தார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். இவற்றை அவருடைய பேரப்பிள்ளைகளே கேட்டதில்லையாம்.

போகும்போது மாதிரியைக் கையில் எடுத்து, பின்பக்கத் தூக்கு கைகளை விரலால் மெல்ல உயர்த்திப் பார்த்தார். அவை அசையவில்லை. பெட்டியில் வந்தபடி ஒட்டினால் அவை அசையாதுதான். "கலப்பை தூக்காத பெர்கூசனோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று இடத்தில் கலப்பையைக் கொழுவி ஹைட்ரோலிக்கில் தூக்கும் அந்த ஏற்பாடுதான் ஹரி பெர்கூசன் உலகத்துக்குத் தந்தது, இன்று ஓடும் மெசின்களிலும் அதுதான். கைகளை அறுத்தெடுத்து, மெல்லிய துளை போட்டு, கம்பி ஊசி வைத்து அசையும்படி செய்தேன். அடுத்த முறை வந்தவர் சேற்று உழவுக்கு இரும்புச் சில்லு இல்லாமல் வயலுக்குள் இறங்க முடியாது என்றார். கட்டுக்கம்பியை வளைத்து, ஈயம் பற்றவைத்து அதையும் செய்தோம். "செய்தோம்" என்றுதான் எழுத வேண்டும். எந்தக் கம்பி எங்கே வர வேண்டும் என்பதை நிலத்தில் குச்சியால் கீறிக் காட்டியவர் அவர்தான்.

சில்லில் பூசிய மண் எங்கள் வயல் மண். காயவைத்து, இடித்து, சீலையில் சலித்து, வெள்ளைப் பசையும் தண்ணீரும் கலந்து தடவினேன். கடையில் விற்கும் எந்தப் பொடிக்கும் அந்த நிறம் வராது.

அம்மா இப்போது அதை முன் அறையில்தான் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்குத் தானே எடுத்துக் காட்டுகிறார்.

முள்ளியவளையிலிருந்து:

மேலே எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பிளாஸ்டிக் பெட்டிகளின் விலை எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாது, அதனால் கடதாசி மாதிரிக்குத் திரும்பினேன். சிறுவயதில் கலண்டர் மட்டையில் வீடு செய்தவள் நான். இப்போது தடித்த மட்டையில் படத்தை அச்செடுத்து, மை முடிந்த பேனையால் மடிப்புக் கோட்டை அழுத்தி, பிறகுதான் வெட்டுகிறோம். அழுத்தாமல் மடித்தால் விளிம்பு வெடித்து வெள்ளை தெரியும்.

பிள்ளைகள் கேட்டதால் கரையில் நிற்கும் படகொன்றை அளந்து 1:24இல் வரைந்தோம். ஒரு பெடியன், தகப்பன் கடலுக்குப் போகிறவர், முழு வகுப்பையும் மறித்து "ரீச்சர், அணியம் இவ்வளவு தாழ்ந்தால் அலை உள்ளுக்கு வரும்" என்றான். அணியம் என்றால் படகின் முன்பக்கம். கணக்குப் பாடத்தில் வாய் திறக்காத பிள்ளை அவன். விகிதம் என்றால் என்ன என்று அன்றைக்கு அவனே மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினான்.

வவுனியாவிலிருந்து:

எனக்கு ரயில். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி 1956இல் தொடங்கியது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோனது, 2013 செப்ரெம்பரில்தான் கிளிநொச்சிவரை மறுபடி போனது. வடக்கே ரயில் போகாத காலத்தில் வளர்ந்த எனக்கு அப்பா தீப்பெட்டிகளை ஒட்டித்தான் ரயில் செய்து காட்டினார்.

இப்போது கனடா தந்த எம்2 டீசல் ரயில் இயந்திரத்தை 1:76இல் கட்டுகிறேன். பிளாஸ்டிக் தகடு வெட்டித்தான் உடல். கஷ்டம் என்னவென்றால் பாதை அகலம். நமது அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். 1:76க்குக் கணக்குப் போட்டால் 22 மில்லிமீற்றர் வரும், ஆனால் அந்த அளவுக்குக் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர்தான். அதில் நிறுத்தினால் நம்முடைய ரயில் மாதிரியே இருக்காது. ஆகவே பாதையையும் நானே செய்கிறேன்.

அளவெடுக்க அனுமதி கேட்டு நின்றபோது இயந்திரச் சாரதி ஒருவர் இறங்கிவந்து அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தார். சிங்களவர். எனக்குச் சிங்களம் கொஞ்சம், அவருக்குத் தமிழ் கொஞ்சம். பெயர்ப்பலகையின் எழுத்து எவ்வளவு உயரம் என்பதுவரை அளந்து தந்துவிட்டு, முடிந்ததும் படம் அனுப்பச் சொன்னார்.

பசைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

உருத்திரபுரத்திலிருந்து:

வவுனியா அண்ணை, பெயின்ற் கடையில் வாங்கும் லக்கர் தின்னர் போதும். பிளாஸ்டிக் பசை ஒட்டுவதில்லை, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது, அதே வேலையைத் தின்னரும் செய்யும். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்லிய தூரிகையால் இடுக்கில் தொட்டால் தானாகவே உள்ளே ஓடும். பெட்டியில் பாகங்களைப் பிடித்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் மிஞ்சும் துண்டுகளை அதே தின்னரில் ஊறவைத்தால் இடைவெளி அடைக்கும் களி தயார். கண்ணாடித் துண்டுகளுக்கு மட்டும் வெள்ளைப் பசை, தின்னர் பட்டால் மங்கிவிடும். யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

மாரி காலத்தில் லக்கர் அடிக்காதீர்கள், ஈரப்பதனுக்கு வெள்ளை பூத்துவிடும். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தூசிதான் எதிரி, அடித்த உடனே பேசினைக் கவிழ்த்து மூடிவிடுங்கள்.

முள்ளியவளை ரீச்சர், அந்தப் படகின் வரைபடத்தை அனுப்ப முடியுமா? ஐயாவின் பேரன் பாடசாலை விட்டதும் இப்போது இங்கேதான் வருகிறான், அவனுக்குக் கடதாசியில் தொடங்குவதுதான் சரி.