சத்தத் தரத்துக்காகவே ஒரு ரிசீவர்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க

வணக்கமுங்க. சோமனூரில் வீடு, மாடியில் 14க்கு 11 அடி அறை. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். ஸ்பீக்கர் எல்லாம் 6 ஓம் மின்தடை. இவற்றையெல்லாம் ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியான பழைய ரிசீவர் போன மாதம் சூடேறி அணைந்தது, அப்புறம் எழவே இல்லை.

எனக்குச் சத்தத்தின் தரம்தான் முக்கியம். 8கே வீடியோ, வைஃபை, கூரை ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். இரவு பக்கத்துத் தறிகள் ஓய்ந்த பிறகுதான் பாட்டுப் போடுவேன். குறைந்த சத்தத்திலும் வயலின்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டும், தபேலாவில் விரல் படுவது தெரிய வேண்டும்.

பழைய ரிசீவரின் அட்டைப்பெட்டியில் 150 வாட் என்று போட்டிருந்தார்கள். உள்ளே விவரத்தாளைப் பார்த்தால் அது ஒரே சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான வழியை மட்டும், 1 கிலோஹெர்ட்ஸில் அளந்த கணக்கு. இரண்டு சேனலை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில் ஓட்டினால் 80 வாட்தான். ஐந்தும் சேர்ந்து ஓடினால் இன்னும் குறையும். இதையெல்லாம் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. டெனானா, யமஹாவா? ப்ரீ அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்கு இணைப்புக் கொடுக்கும் துளை) உள்ளதாக எடுத்து, முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் பிறகு தனி ஆம்ப்ளிஃபயர் சேர்த்தால் வித்தியாசம் காதுக்குத் தெரியுமா? அப்படிச் செய்தவர்கள் சொல்லுங்க. நம் ஸ்பீக்கரையே கொண்டுபோய் மாட்டிக் கேட்க விடும் கடை கோவையில் இருந்தாலும் சொல்லுங்க, ஞாயிறு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.